கரையில் நின்ற அக்கா

என் தம்பி அய்யப்பனுக்கு அந்தக் காலம் திரும்பி வர வேண்டுமாம். வரட்டும். நேராக அவன் வீட்டுக்கே வரட்டும். வந்து அவன் பொண்டாட்டியை விடியுமுன் எழுப்பி, தலையில் ஒன்று இடுப்பில் ஒன்று என்று குடத்தை ஏற்றி ஊருணிக்கு விரட்டட்டும். அப்போது தெரியும் சேதி.

அவன் திருச்சியில் இருக்கிறான். பல வருஷம் துபாயில் கிடந்துவிட்டு வந்து எலெக்ட்ரிக் சாமான் கடை வைத்திருக்கிறான். கடையைப் பூட்டியதும் செல்போன் முன்னால் உட்கார்ந்து 'எங்க காலம்' என்று ஒரு சேனல் நடத்துகிறான். பனங்காயில் வண்டி செய்து ஓட்டியது, டயர் உருட்டியது, தீப்பெட்டிப் படம் சேர்த்தது, கிட்டிப்புள் விளையாடி இருட்டிய பிறகு வீட்டுக்கு வந்தது, எல்லாவற்றையும் தொண்டை கரகரக்கச் சொல்வான். "இப்ப உள்ள புள்ளைகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லைங்க" என்று முடிப்பான். அதைக் கேட்டு ஊர் உலகமெல்லாம் மூக்கைச் சிந்துகிறது.

என் மகள் கலைமதிக்கு மாமன் என்றால் உயிர். கீரனூருக்கு பஸ்ஸில் போய்ப் பன்னிரண்டாவது படிக்கிறாள். மாமன் புது வீடியோ போட்டால் போதும், நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாலும் மூக்குக்கு முன்னால் போனை நீட்டிவிடுவாள். நானும் ஆரம்பத்தில் சந்தோஷமாகத்தான் பார்த்தேன். தூக்கி வளர்த்த தம்பி ஆயிற்றே. போகப் போக எனக்குள் ஒரு கேள்வி முளைத்தது. இவ்வளவு கதையில் நான் எங்கே இருக்கிறேன்?

இருட்டிய பிறகு வீட்டுக்கு வந்தானாம். அவன் காலுக்குத் தண்ணீர் ஊற்றியது யார்? டயர் உருட்டினானாம். அந்த நேரத்தில் நான் மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தேன். அதற்காக அவனைக் குற்றம் சொல்லவில்லை. அவன் சின்னப் பையன், அவன் என்ன செய்வான்? ஆனால் அவனுக்கு இருந்தது போல எனக்குச் சின்ன வயசு என்று ஒன்று கிடையாது. ஒரே ஒரு நாள் இருந்தது. அந்த ஒரு நாளைத்தான் அவன் எடுத்துக்கொண்டான்.

எங்கள் ஊர் குன்றாண்டார்கோவில் பக்கம். கோடையில் கண்மாய்த் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் மீன் பிடிக்க நாள் குறிப்பார்கள். அன்றைக்குச் சுத்துப்பட்டுச் சனம் எல்லாம் வலையும் கூடையுமாகக் கரையில் கூடிவிடும். ஊர்ப் பெரியவரான அம்பலம் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசியதும் அத்தனை பேரும் ஒரேயடியாக உள்ளே பாய்வார்கள். பிடித்த மீனை யாரும் விற்கக் கூடாது. விற்றால் அடுத்த வருஷம் கண்மாய் பெருகாது என்று ஒரு பயம். எல்லோரிலும் பெரிய மீன் யார் பிடித்தாரோ அவர் தலையில் அந்த வெள்ளைத் துண்டைக் கட்டிவிடுவார் அம்பலம்.

நான் பெரிய மனுஷியான வருஷம் அது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தி வீட்டில் உட்கார வைத்திருந்தார்கள். என் அப்பா தங்கமுத்து எப்பேர்ப்பட்டவர் என்றால், பக்கத்து வீட்டு சைக்கிளை நான் தள்ளிப் பழகினேன் என்பதற்காகப் புளியம் விளாறை ஒடித்துக் காலில் விளாசியவர். "கம்மாப் பக்கம் ஒன்னையப் பாத்தேன், காலை ஒடிச்சுப்புடுவேன்" என்று சொல்லிவிட்டு வலையைத் தூக்கிக்கொண்டு போனார். நான் புல் அறுக்கப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கமாக நழுவினேன். அய்யப்பன் அப்போது ஏழாவது படித்தான். அவனையும் கூட்டிக்கொண்டேன்.

கீழக்கரை மூலையில் ஆவாரஞ்செடி மண்டிக் கிடக்கும். அதன் மறைவில் அவனுடைய டவுசரையும் சட்டையையும் வாங்கிப் போட்டுக்கொண்டேன். தலைமுடியைச் சுருட்டித் துண்டால் இறுக்கிக் கட்டி, முகத்தில் சேற்றைப் பூசிக்கொண்டேன். நாலு ஊர்ப் பயல்கள் கலந்து கிடந்த சேற்றில் என்னை யாருக்கு அடையாளம் தெரியப் போகிறது? அய்யப்பன் வரவில்லை. அவனுக்கு அட்டை என்றால் குலைநடுக்கம். ஜட்டியோடு செடி மறைவில் குத்தவைத்து, என் பாவாடை தாவணியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஆத்தாடி, அந்தச் சேறு! கால் வைத்ததும் தொடைவரை குளிர்ச்சி ஏறியது. யாரும் 'என்னடி' என்று கேட்கவில்லை. யாரும் 'குனியாதே, ஓடாதே, சத்தமாகச் சிரிக்காதே' என்று சொல்லவில்லை. விழுந்தேன், புரண்டேன், வாய்விட்டுக் கத்தினேன். கையால் துழாவும்போது முதலில் ஒரு கெளுத்தி, உள்ளங்கையில் முள்ளை ஏற்றிவிட்டது. உயிர் போகிற வலி. அழுதால் குரல் காட்டிக் கொடுத்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்புறம் அதே கையில்தான் சிக்கியது அந்த விரால். என் முழங்கை நீளம் இருந்தது. சட்டைக்குள் விட்டு இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு கரையேறினேன்.

மறைவில் உடுப்பை மாற்றிக்கொண்டோம். ஈர டவுசரை மாட்டிக்கொண்டு நின்றவன் முகத்தில் நானே சேற்றை அள்ளிப் பூசிவிட்டேன். "நீ புடிச்சேன்னு சொல்லுடா. இல்லாட்டி அப்பா என்னையக் கொன்னுபோடுவாரு" என்றேன். மீனைத் தூக்கிக்கொண்டு போனான். அம்பலம் அவன் தலையில் துண்டு கட்டினார். அப்பா அவன் தோளில் கை போட்டு தெருத்தெருவாக அழைத்துக்கொண்டு போனார். நான் புல்லுக்கட்டோடு பின்னால் போனேன்.

வீட்டில் அந்த மீனைச் சாம்பல் தேய்த்து அலசி நறுக்கியதும் நான்தான். கையில் ரத்தத்தைப் பார்த்துக் கேட்ட அம்மாவிடம் அரிவாள்மணை வெட்டிவிட்டது என்று சொன்னேன். தலை தம்பிக்கு, நடுத்துண்டு அப்பாவுக்கு, வால் எனக்கு. அப்பா எழுந்து கை கழுவப் போன சமயம், அய்யப்பன் தன் தட்டிலிருந்த சதையைப் பிய்த்து என் சோற்றுக்குள் மறைத்து வைத்தான். "நீதானக்கா புடிச்ச" என்று காதோரம் சொன்னான். அந்த ஒரு வார்த்தைக்காக அவன் என்ன செய்தாலும் பொறுத்துக்கொள்ளலாம் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

மறுநாள் அய்யனார் கோயிலில் சூடத்தைக் கொளுத்தி அவனை அணைக்கச் சொன்னேன். சாகிறவரை யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

அவன் சேனல் பிரபலமானதே அந்த விரால் மீன் கதையால்தான். நாலு வருஷம் முன்னால் போட்டான். அவன் இறங்கினானாம், அவன் துழாவினானாம், அவனுக்குக் கெளுத்தி குத்தியதாம். அதோடு விட்டானா? "எங்கக்கா கரையில நின்னு, 'வந்துருடா தம்பி, பாம்பு இருக்குடா'ன்னு ஒரே அழுகை" என்று ஒரு வால் வேறு. பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அப்பா உயிரோடு இருக்கிறாரே, அவர் காதுக்குப் போய்விடக் கூடாதே, சத்தியத்தைக் காப்பாற்றுகிறான் பாவம் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

போன கார்த்திகையில் அப்பா போய்ச் சேர்ந்தார். காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் கலைமதியிடம் விஷயத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ம்மா, ஒனக்குத் தவளையப் பாத்தாலே பயமாம்ல. மாமா வீடியோல சொல்லிருக்காங்க."

"நான் சொல்றேன்டி, நான்தான் புடிச்சேன்."

"சரி சரி, நீதான் புடிச்ச. ஜெட்டும் நீதான் ஓட்டுன."

பெற்ற பிள்ளை நம்பவில்லை. நான் வாழ்ந்த ஒரு நாளை என் வீட்டுக்குள்ளேயே எனக்கு இல்லை என்றாக்கிவிட்டான் தம்பி. அன்றைக்கு முடிவு செய்தேன். அய்யப்பன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'அது அக்கா பிடித்த மீன்' என்று வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும். சேலை வேண்டாம், சீர் வேண்டாம். இது ஒன்று போதும்.

இந்த வைகாசியில் கண்மாய்க்கு நாள் குறித்தார்கள். வீடியோ எடுக்க அய்யப்பன் முதல் நாளே வந்துவிட்டான். காலையில் துண்டு விழுந்ததும் கலைமதி தன் சிநேகிதிகளோடு தண்ணீருக்குள் பாய்ந்தாள். டிராக் பேண்டும் டீசர்ட்டும் போட்டுக்கொண்டு கூச்சல் போட்டுச் சேற்றில் உருண்டாள். ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் அப்பன் மஸ்கட்டிலிருந்து வீடியோ காலில் பார்த்து, "அங்கிட்டு ஆழம், இங்கிட்டு வா" என்று வழி வேறு சொல்கிறார். எனக்கு அதைப் பார்த்தே வயிறு நிறைந்துவிட்டது. இந்தக் காலத்தைத்தான் என் தம்பி மட்டம் என்கிறான்.

அவன் கணுக்காலுக்கு மேல் நனையவில்லை. பக்கத்து வீட்டு மூக்கன் ஒரு விரால் பிடித்திருந்தார். விலைக்குக் கேட்டான். அவர் கையெடுத்துக் கும்பிட்டு, "விக்கக் கூடாது தம்பி. வேணுமின்னா படம் எடுத்துட்டுத் திருப்பிக் குடுத்துருங்க" என்றார். இரவல் மீனைத் தூக்கிப் பிடித்து, டவுசரில் கொஞ்சம் சேற்றைத் தடவிக்கொண்டு விதவிதமாகப் போஸ் கொடுத்தான். அப்புறம் கலைமதியை மேலே கூப்பிட்டுத் தன் போனை அவளிடம் கொடுத்தான்.

"அக்கா, இங்கிட்டு வா. இந்த எடந்தான நீ நின்னு அழுத எடம்? அதை ஒன் வாயால சொல்லு. சனமெல்லாம் அக்காவக் காட்டுங்க, அக்காவக் காட்டுங்கன்னு கேக்குறாங்க."

நான் அவன் பக்கத்தில் போய்ச் சன்னமாகக் கேட்டேன். "டே அய்யப்பா. அப்பாதான் போயாச்சுல்ல. இனிமே என்னடா?"

"என்ன இனிமே?" என்றான், தலைமுடியைக் கோதிக்கொண்டே.

"ம்மா, ரெடி. பேசும்மா" என்றாள் கலைமதி.

சரி, நானே பேசிவிடுவது என்று போனைப் பார்த்தேன்.

"எல்லாருக்கும் வணக்கங்க. நான் அய்யப்பனோட அக்கா புவனேஸ்வரி. அந்த விராலப் புடிச்சது நான். இவன் டவுசர மாட்டிக்கிட்டு நான்தான் எறங்குனேன். இவன் அட்டைக்குப் பயந்துக்கிட்டு, என் பாவாடையை மடியில வச்சுக்கிட்டு இந்த ஆவாரஞ்செடி ஓரமா உக்காந்திருந்தான். இந்தா பாருங்க, கெளுத்தி குத்துன தழும்பு."

வலது கையை உயர்த்தி விரித்துக் காட்டினேன். மூக்கன் வலையைக் கீழே போட்டுவிட்டு, "அட, இது என்னாடி கூத்து!" என்று சிரித்தார். கலைமதி போனை ஆடாமல் பிடித்தபடி என்னையே வெறித்தாள்.

அய்யப்பன் முகம் ஒரு நொடிதான் செத்தது. உடனே பல்லைக் காட்டினான். "எங்கக்கா எப்பவுமே தமாசுங்க. ஏக்கா, அது அரிவாமணை வெட்டுன தழும்புல்ல? அம்மாகிட்ட நீயே சொன்னியே, மறந்துட்டியா?"

ரேஷன் கடை வரிசையையே அதட்டி நிறுத்துகிறவள், விரித்த கையை மடக்கிக்கொண்டேன். அவன் முகத்தை உற்றுப் பார்த்தேன். பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை. ஒருவேளை நெசமாகவே மறந்துவிட்டானோ? சொல்லிச் சொல்லி அதுவே அவன் புத்தியில் உண்மையாகிவிட்டதோ? துபாய் வெயிலில் அவன் என்னென்ன பட்டானோ, எதை எதை நினைத்து நாளைத் தள்ளினானோ. வீட்டுக்கு நடக்கும்போதே மனசு இறங்கிவிட்டது.

கலைமதி பிடித்து வந்த மீனைக் குழம்பு வைத்தேன். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டான். கிளம்பும்போது காரில் உட்கார்ந்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டான். "நீ பேசுனதயும் போட்டுர்றேன்க்கா. சனம் ரசிக்கும்" என்றான். தமாஷாகவே இருக்கட்டும். என் வாயால் நான் சொன்னது நாலு பேர் காதில் விழுந்தால் போதும் என்று எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோ வந்தது. கலைமதி போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். இந்தத் தடவை நீட்டவில்லை, கையில் வைத்துக்கொண்டே நின்றாள். நான்தான் பிடுங்கிப் பார்த்தேன்.

'கரையில் நின்ற அக்கா' என்று தலைப்பு. கண்மாய் வருகிறது, சனம் வருகிறது, இரவல் மீனோடு அய்யப்பன் வருகிறான். கடைசியில் நான் வருகிறேன். என் வாய் அசைகிறது, சத்தம் இல்லை. புல்லாங்குழல் ஊதுகிறது. அப்புறம் கையை உயர்த்துகிறேன். விரித்த கையை மெதுவாக, ரொம்ப மெதுவாக ஓடவிட்டிருக்கிறான். மேலே அவன் குரல், அதே கரகரப்போடு: "அன்னைக்கு மாதிரியே இன்னைக்கும் கரையில நின்னு, தம்பிக்கு டாட்டா காட்டுறாங்க எங்கக்கா."

கீழே ஒரே கும்பிடும் இதயமும். எனக்கு இப்படி ஓர் அக்கா இல்லையே என்று எவனெவனோ எழுதியிருக்கிறான்.

"மாமா கட் பண்ணிட்டாங்கம்மா" என்றாள் கலைமதி. போனை வாங்கி வைத்துவிட்டு, "நெசமாவே நீதானாம்மா?" என்றாள். நான் தலையை ஆட்டினேன். "அப்ப ஏம்மா அன்னைக்கே சொல்லல? நானா இருந்தா கத்தி ஊரைக் கூட்டியிருப்பேன்." புளியம் விளாறு எப்படி இருக்கும் என்றே அவளுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

அவனுக்குப் போன் போட்டேன்.

"ஏன்டா அய்யப்பா, நெசமாவே மறந்துட்டியாடா?"

கடையில் யாரிடமோ "இருங்க, வாரேன்" என்றுவிட்டு வெளியே வந்தான்.

"எப்புடிக்கா மறப்பேன்? சட்டைக்குள்ள மீன் துள்ளத் துள்ள நீ ஏறி வந்தது இப்பவும் கண்ணுக்குள்ள நிக்கிது."

அவன் மறந்திருக்கலாகாதா என்று அப்போது வேண்டிக்கொண்டேன். மறந்தவனை மன்னிக்கலாம்.

"அப்பறம் ஏன்டா?"

"நாலு வருசமா நான்தான்னு சொல்லியாச்சு. இப்ப நீ வந்து இல்லைன்னா, மத்ததயெல்லாம் எவன் நம்புவான்? பனங்கா வண்டியும் பொய்யின்னுருவான். பாவாடைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்னு தெரிஞ்சா என் புள்ளைக என்னைய மதிக்குமா? ஒனக்கு என்னக்கா கொறைச்சல், ஒன்னைய ஊரே கொண்டாடுதுல்ல?"

"டே, எனக்குன்னு இருந்தது அந்த ஒரு நாளுதான்டா."

"இங்க பாருக்கா. சூடத்தக் கொளுத்திச் சத்தியம் வாங்குனது நீதான? சாவுற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு. நான் இன்னைக்கி வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. நீதான் மீறிட்ட."

போனை வைத்துவிட்டான். அன்றைக்கு என் சோற்றில் மீனை மறைத்து வைத்தானே, அந்தப் பயலுக்காக அழுதேன். இவனுக்காக அழவில்லை.

போன வாரம் கீரனூர் போக மெயின்ரோட்டில் நின்றேன். பஸ்ஸை நிறுத்தக் கையை நீட்டினேன். ஜன்னலோரம் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் இரண்டு பேர். என்னைப் பார்த்ததும், "ஏய், டாட்டா அக்காடி!" என்று குதித்தார்கள். இரண்டு பேரும் முகம் நிறையச் சிரித்துக்கொண்டு கையாட்டினார்கள். அந்தப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தன? நானும் பதிலுக்கு டாட்டா காட்டினேன். கெளுத்தி குத்திய அதே கையால்.